பவர் எழுதும் முன் குறியீட்டைக் கேளுங்கள்

"உங்க காட்டுக்கு அடியில சுண்ணாம்புக்கல் ஓடுது, எப்படியும் கம்பெனி எடுத்துக்கும், இப்பவே குடுத்துட்டா நல்ல விலை." தரகர் இப்படிச் சொன்னதும் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆலோசனை கேட்டு அலைபவர்கள் அரியலூரிலும் பெரம்பலூரிலும் குறையவே இல்லை. கல் இருக்கலாம். அதன் யு.என்.எஃப்.சி. குறியீடு என்ன என்று தரகரிடம் யாரும் கேட்பதில்லை.

கனிம வளத்தை வகைப்படுத்த ஐ.நா. 1997இல் வகுத்த முறை அது. 2015இல் வந்த கனிம இருப்புச் சான்று விதிகள் வழியாக இங்கே சட்டத்திலும் ஏறிவிட்டது. மூன்று இலக்கம். எடுத்தால் கட்டுபடியாகுமா என்பதை முதல் இலக்கம் சொல்லும். திட்ட ஆய்வு எதுவரை நடந்திருக்கிறது என்பதை இரண்டாவது. மண்ணுக்கடியில் இருப்பது எவ்வளவு உறுதி என்பதை மூன்றாவது. எண் கூடினால் உறுதி குறைகிறது என்று பொருள். 111 என்றால் நிரூபிக்கப்பட்ட இருப்பு. 333 வெறும் ஊகம். 334 மேலோட்டமான தேடலில் தெரிந்தது, அவ்வளவுதான். 334ஐ நம்பி நிலத்தை விற்பவரை என்ன சொல்வது?

பழுப்பு நிலக்கரிக்கும் கல் குவாரிக்கும் இந்த விதிகள் பொருந்தா. ஆனால் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் நல்ல பாடம். அங்கே கரி இருந்தது உண்மை. 1990களில் நிலம் எடுத்தார்கள், இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன, சுரங்கம் மட்டும் வரவில்லை. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது.

செய்ய வேண்டியது இது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றையும் குறிப்பிட்டு இப்படிக் கேளுங்கள்: இந்த இடத்தில் கனிம ஆய்வு எந்த நிலை வரை நடந்துள்ளது? குறியீடு என்ன? சுரங்கக் குத்தகையோ ஏல அறிவிப்போ உண்டா? உண்டெனில் நகல் தரவும். "ஏன்" என்று கேட்காதீர்கள். பதில் தராமல் நழுவ அவர்களுக்கு அது ஒன்றே போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்களிடம் இல்லை" என்று கைவிரித்தால், பிரிவு 6(3)ஐக் காட்டுங்கள்: உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் அனுப்புவது அவர்கள் வேலை, உங்கள் வேலையல்ல. அதற்கும் அசையாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதில் வரும்வரை பவர் வேண்டாம். முன்பணமும் வாங்க வேண்டாம்.

குத்தகை உண்மையிலேயே வழங்கப்பட்டிருந்தாலும் நிலம் கம்பெனிக்குச் சொந்தமாகிவிடாது. மேல்மண்ணில் இருப்பவருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 24ஏ பிரிவு. சுரங்கத்துக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கூட்டத்தில் கத்திவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பவர் பத்திரம் அந்தக் கூட்டத்துக்கு முன்னும் வேண்டாம்.