சமமான பணப்பை

பள்ளித் திடலில் மாலைநேரக் கிரிக்கெட் தொடங்குமுன் அணி பிரிக்கும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். இரு தலைவர்கள் எதிரெதிரே நின்று, மாறிமாறி ஒவ்வொருவராக அழைப்பார்கள். நன்றாக மட்டை வீசுபவரும் வேகமாகப் பந்து வீசுபவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் உடனே எதிர்ப்புக் குரல் எழும். முடிவு முன்பே தெரிந்துவிட்ட ஆட்டத்தை ஆடவும் மனம் வராது. பார்க்கவும் ஆள் வராது.

தொழில்முறை விளையாட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு தெருவில் உள்ள இரண்டு துணிக்கடைகளில் ஒன்று மூடப்பட்டால் மற்றொன்றுக்கு ஆதாயம். விளையாட்டு அணியின் நிலை அவ்வாறன்று. எதிரணிகள் நலிந்தால், வெல்லும் அணியின் ஆட்டத்தையும் காண ஆளிருக்காது. போட்டியாளரையும் ஓரளவு வாழவைத்தாக வேண்டிய விந்தையான வணிகம் இது. அணிகளுக்கிடையே வெற்றிவாய்ப்பு ஏறத்தாழ ஒத்திருப்பதைப் ‘போட்டிச் சமநிலை’ என்பர். பணத்தைப் பங்கிடும் முறையே அதனைப் பெரும்பாலும் காக்கிறது அல்லது குலைக்கிறது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், வீரர்களுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று எல்லா அணிகளுக்கும் பொதுவான ஒரே தொகை வரையறுக்கப்படவில்லை. 2017-18 முதல் 2023-24 வரையிலான ஏழு பருவங்களில் ஆறில் மான்செஸ்டர் சிட்டியே வென்றது. 2015-16இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்றபோது உலகம் வியந்ததற்கும் இத்தகைய ஏற்றத்தாழ்வே காரணம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். இதற்கு நேர்மாறானது. அங்குத் தேசியத் தொலைக்காட்சி வருவாய் சமமாகப் பங்கிடப்படுகிறது. 1994 முதல் ஊதிய உச்சவரம்பு உண்டு. கடைசியில் நின்ற அணிக்கே அடுத்த ஆண்டு புதுவீரரைத் தேர்வதில் முதல் உரிமை. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழும் கிரீன் பே நகரின் அணி, நியூயார்க் அணிகளோடு சமமாக மோத முடிகிறது.

நம் ஐ.பி.எல். இவ்விரண்டனுள் அமெரிக்க முறையையே பெரிதும் ஒத்தது. ஒளிபரப்பு வருவாயில் அணிகளுக்குரிய பங்கின் பெரும்பகுதி சமமாகவே பிரிக்கப்படுகிறது. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகின்றனர். எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை. 2025ஆம் ஆண்டுப் பருவத்திற்கு அது 120 கோடி ரூபாய். உரிமையாளர் எத்துணைச் செல்வராயினும் அதற்குமேல் செலவிட இயலாது.

தொடக்கத்தில் இம்முறை வியக்கத்தக்க பலனைத் தந்தது. 2008இல் அணிகள் விற்கப்பட்டபோது மிகக் குறைந்த விலையான 6.7 கோடி டாலருக்குப் போன ராஜஸ்தானே முதற்கோப்பையை வென்றது. அவ்வாண்டு கடைசி இடத்தில் நின்ற டெக்கான் சார்ஜர்ஸ், மறு ஆண்டே வாகை சூடியது.

ஆனால், பின்னர் வந்த கணக்கைப் பாருங்கள். 2025 வரையிலான 18 பருவங்களில் மும்பையும் சென்னையும் ஆளுக்கு ஐந்து முறை வென்றுள்ளன. சமமான பணப்பையிலிருந்து இந்த ஏற்றத்தாழ்வு எவ்வாறு விளைந்தது?

முதலாவது, விதியில் இருந்த ஓட்டை. 2010ஆம் ஆண்டு ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய தொகை 7,50,000 டாலர். கீரன் பொல்லார்டுக்கு நான்கு அணிகள் அம்முழுத்தொகையையும் கேட்டன. சமன் ஏற்பட்டால், ஒவ்வோர் அணியும் கூடுதல் தொகையை எழுதி மூடிய உறையில் தர வேண்டும் என்பது விதி. அத்தொகை பணப்பைக் கணக்கில் சேராது. அதற்கு வரம்பும் இல்லை! மும்பை அவரைப் பெற்றது. 2012இல் ரவீந்திர ஜடேஜாவுக்காகச் சென்னையும் டெக்கானும் 20 இலட்சம் டாலரில் சமன்பட்டபோதும் மூடிய உறையே முடிவு செய்தது. அவர் சென்னைக்கு வந்தார். முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுப் புழக்கடைக் கதவைத் திறந்துவைத்ததற்கு ஒப்பான விதி அது. சென்னை அணியின்பால் எனக்குள்ள பற்று வடக்கே பணிக்கு வந்தபின் கூடியதேயன்றிக் குறையவில்லை. ஆயினும் இதனை மறைத்தல் ஆசிரியருக்கு அழகன்று.

இரண்டாவது, தக்கவைக்கும் உரிமை. 2011ஆம் ஆண்டுப் பெருஏலத்திற்கு முன் நான்கு வீரர்கள் வரை வைத்துக்கொள்ள இசைவு தரப்பட்டது. நான்கு பேரையும் தக்கவைத்தவை சென்னையும் மும்பையும் மட்டுமே. கொல்கத்தாவும் பஞ்சாபும் ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை, புதிதாகவே தொடங்கின. ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடிப் பழகியவர்களின் இணக்கம் ஏலத்தில் விலைபேசக் கூடியதன்று.

மூன்றாவது, வீரரை இனங்காணும் கண். ஜஸ்பிரித் பும்ரா 2013இல் மும்பை அணியில் அறிமுகமானார். இந்திய அணிக்கு அவர் ஆடியது 2016இல்தான். பெரும்பெயர் எப்போதும் வெற்றி தருவதில்லை. ரிஷப் பண்டை 27 கோடிக்கு எடுத்த லக்னோ, 2025இல் ஏழாம் இடத்தில் முடிந்தது. அதே வேளையில், மிட்செல் ஸ்டார்க்குக்கு 24.75 கோடி கொடுத்த கொல்கத்தா 2024இல் கோப்பையை வென்றது. உச்சவரம்பு வாய்ப்பைத்தான் சமமாக்குகிறது, அறிவைச் சமமாக்குவதில்லை. 2025 இறுதியாட்டத்தில் அதுவரை ஒருமுறையும் வெல்லாத பெங்களூருவும் பஞ்சாபும் மோதின, பெங்களூரு வென்றது. சென்னை கடைசி இடத்தில் நின்றது.

இனி, பலரும் கேட்காத ஒரு கேள்வி. இச்சமநிலைக்கு விலை தருபவர் யார்? 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்கப்பட்டது; ஆண்டுக்கு 9,678 கோடி. பத்து அணிகளின் பணப்பையையும் கூட்டினால் 1,200 கோடி. அதாவது, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 2025 முதல் ஓர் ஆட்டத்திற்கு 7.5 இலட்சம் ரூபாய் தனியே தரப்படுகிறது. அதனைச் சேர்த்தாலும் இவ்விகிதம் பெரிதாக மாறாது. உச்சவரம்பு அணிகளைச் சமப்படுத்தும்போதே உரிமையாளரின் செலவையும் கட்டுப்படுத்திவிடுகிறது. ஏலத்தில் தம்மை எடுத்த ஊருக்கே வீரர் சென்றாக வேண்டும். என்.எஃப்.எல். வீரர்களும் தம் முதல் அணியைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாது. ஆனால், அவர்களின் தொழிற்சங்கம் உரிமையாளர்களோடு பேசி, லீக் வருவாயில் ஏறத்தாழப் பாதியை வீரர்களுக்கென ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியுள்ளது. ஐ.பி.எல். வீரர்களுக்காக அவ்வாறு பேரம் பேசும் சங்கம் எதுவும் இல்லை.