கஃபீன் மருந்தைத் தடுக்காதீர்கள், வயிற்றைக் கவனியுங்கள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிக்கொட்டை வாசலில் காயும். அங்கே ஒரு குழந்தை 30 வாரத்திலேயே பிறந்து, மருத்துவர் கஃபீன் சிட்ரேட் எழுதினால், “பச்ச மண்ணுக்குக் காபியா?” என்று பாட்டி பதறுவது இயல்பு. ஆனால் அந்த மருந்து அவசியம். குறைமாதக் குழந்தைக்கு மூச்சு திடீரென நின்றுவிடும். 20 விநாடி தாண்டினால் ஆபத்து. மூளையில் மூச்சை இயக்கும் பகுதியைக் கஃபீன் தூண்டுகிறது.

கவலை குடலைப் பற்றியது. ரத்தக் குழாய்களை விரித்து வைக்கும் அடினோசினின் வேலையைக் கஃபீன் தடுக்கிறது. முதல் டோஸுக்குப் பின் சில மணி நேரம் குடலுக்கான ரத்த ஓட்ட வேகம் குறைவதை 1999, 2002-ல் வெளியான டாப்ளர் ஆய்வுகள் காட்டின. 2002 ஆய்வில் கொடுத்தது வழக்கத்தைவிட அதிக டோஸ். வழக்கமான முதல் டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கஃபீன் சிட்ரேட். இதனால் குடல் அழுகிவிடுமா? 1,250 கிராம் வரை எடையுள்ள 2,006 குழந்தைகளிடம் நடந்து, 2006-ல் முடிவு வெளியான பன்னாட்டுச் சோதனையில் குடல் அழுகல் நோய் கூடவில்லை. நுரையீரல் பாதிப்பு குறைந்தது. பயந்து மருந்தைத் தடுப்பதுதான் பெரிய ஆபத்து.

டோஸ் எவ்வளவு, பாலை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தாய்ப்பாலே குடலுக்குப் பாதுகாப்பு. வயிறு உப்பி மினுமினுத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டாலோ அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள்.

மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்பினால் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். எழுதிக் கேட்டால் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

வீட்டில் கடுங்காபி ஒரு சொட்டும் புகட்டக் கூடாது. பெரியவர்கள் உடலில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் கஃபீன், இந்தக் குழந்தைகளிடம் பாதியாக மூன்று, நான்கு நாள் ஆகும். மருந்தை நிறுத்திய பின்னும் சில நாள் வார்டில் வைத்திருப்பது இதற்காகத்தான். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். ஆகவே டிஸ்சார்ஜுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.