திறக்க மறுத்த மடிக்கணனி

நாவலப்பிட்டியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் துணியும் காயாது, சுவரும் காயாது. அப்படியான ஒரு காலையில்தான் எங்கள் நிலையத்து மடிக்கணனி திறக்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் சிறு விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அது யாரோ பாவித்துவிட்டு அன்பளிப்பாகத் தந்த பழைய கணனி. ஆனால் அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சகோதரிகளின் பத்திரங்களின் பிரதிகள் இருந்தன. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் அனைத்தையும் இழந்து, உறவினரைத் தேடி மீண்டும் மலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணாமற்போன கணவருக்காக எழுதிய முறைப்பாடுகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. மறுநாள் மூவர் தங்கள் பத்திரங்களுடன் விசாரணைக்குப் போகவேண்டும். வேறு பிரதி நான் எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு.

திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டு ஓடினேன். திறந்துகூடப் பாராமல், "மதர்போர்ட் போயிருச்சி, உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிருக்கும், வச்சிட்டுப் போங்க" என்றார்கள். வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. பெண்களின் தொலைபேசி இலக்கங்களும் படங்களும் உள்ள கணனியை, பற்றுச்சீட்டுக்கூட இல்லாமல் எப்படிக் கொடுப்பது? தாய்போர்ட் பழுதானாலும் தகவல்கள் வேறாக, வன்தட்டில்தான் இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. சமூகவியல் பட்டப்படிப்பில் இதைச் சொல்லித்தரவில்லை!

நிலையத்துக்குத் திரும்பியபோது, தையல் வகுப்புக்கு வரும் ஒரு தங்கச்சி, "மிஸ், நான் பார்க்கட்டா?" என்று கேட்டாள். நலன்புரி முகாமிலிருந்து வெளியே வந்தபின் வவுனியாவில் ஆறு மாதம் கணனி பழகியவளாம். இரண்டு வருடமாக அவளுக்கு நூல் கோர்க்கக் கொடுத்துக்கொண்டிருந்த நான் இதைக் கேட்டதே இல்லை.

முதலில் சார்ஜரைக் கழற்றினாள். பின்பக்கத்துப் பற்றரியையும் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியவாம். பல கணனிகள் இத்தோடே சரியாகிவிடும். எங்களுடையது ஆகவில்லை. குத்தியிருந்த பென் டிரைவையும் மவுசையும் எடுத்துப் பார்த்தாள். அறையை இருட்டாக்கி, திரைமேல் டோர்ச் அடித்தாள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணனி நலம், திரையின் விளக்குத்தான் பழுது. ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப ராம்தான் மிஸ்" என்றாள். 'ராம்' என்பது விரல் நீளமான நினைவகத் துண்டு. அதன் தொடுமுனைகளில் ஈரமோ அழுக்கோ பிடித்தால் விசிறி சுற்றும், திரை வராது. மீண்டும் மின் இணைப்பெல்லாம் நீக்கி, அடிமூடியைத் திருகாணி கழற்றித் திறந்து, துண்டை மெதுவாக வெளியே எடுத்தாள். பொன்னிற முனைகளைப் பிள்ளைகளின் அழிறப்பரால் இலேசாகத் தேய்த்து, தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை திரும்பப் பொருத்தினாள். ஈரக்கையால் தொடக்கூடாது என்று என் கையைத் தட்டிவிட்டாள். பற்றரி ஊதியிருந்தால் இதில் எதையும் நாங்களாகச் செய்யக்கூடாது. தீப்பற்றும்.

பொத்தானை அழுத்தினாள். திரை வந்தது!

ஆனால் திகதி 2009 சனவரி 1 என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "அந்த வருசத்த மாத்து பிள்ளை" என்று மட்டும் சொன்னார். யாரும் பேசவில்லை. நேரத்தை நினைவில் வைக்கும் காசளவான சிறு பற்றரி தீர்ந்திருந்ததுதான் காரணம். சீ.ஆர். 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைக்கும். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் பலவும் திறக்காது.

இப்படி முடங்குவது பழைய கணனிகள் மட்டுமல்ல. 2024 யூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு பாதுகாப்புக் கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் திறக்காமல் நின்றன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் திண்டாடின. அங்கும் தகவல்கள் அழியவில்லை. அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணனிகள் எழுந்தன. எனவே விண்டோஸ் பாதியில் நின்றுவிட்டால் "எல்லாம் அழித்துப் புதிதாகப் போடுவோம்" என்பவரிடம் முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். வன்தட்டில் 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் உடனே நிறுத்திவிடுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில், பற்றரி பலவீனமான இந்தக் கணனி எத்தனை தடவை இடையில் அணைந்திருக்கும்! அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். ஒன்று நிலையத்து அலுமாரியில், மற்றது வேறொரு வீட்டில். அவரவர் கோப்பை அவரவருக்கே அச்சிட்டும் கொடுத்தோம். மூவரும் மறுநாள் காலை ரயிலுக்குப் போனார்கள்.

திகதியை மாற்றச் சொன்ன அக்கா பத்திரம் எதுவும் கேட்கவில்லை. கணவரின் படம் அவரிடம் வேறு இல்லை, இந்தக் கணனியில் இருந்ததுதான் ஒன்று. அதைப் பெரிதாக்கித் தரமுடியுமா என்றார். ஸ்டூடியோவில் கொடுத்து எடுத்துக் கொடுத்தோம். கணனி வகுப்பு இப்போது புதன்கிழமைகளில் நடக்கிறது. நூல் கோர்த்த தங்கச்சிதான் ஆசிரியை. நானும் பின்வரிசையில் உட்காருகிறேன்.