புயலின் ‘கண்’ணை நம்பி வெளியே வராதீர்கள்!

சென்னை, அக்டோபர் பிறந்தாலே நகர மக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. “புயலாமே, நம்ம பக்கம்தான் வருதாமா?” என்று டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒரே பேச்சு.

பயப்படுவதில் தப்பு இல்லை. 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி ‘வர்தா’ புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல இடங்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. செல்போன்கள் ஊமையாகி விட்டன. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசு இல்லை, ஏ.டி.எம்.மும் வேலை செய்யவில்லை. ஜனங்கள் திண்டாடிப் போனார்கள்.

புயல் பிறப்பது எப்படி?

கடல் தண்ணீர் சுமார் 27 டிகிரி வரை சூடேறினால் நீராவி மளமளவென்று மேலே எழும்பும். அந்த இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்ப நாலாபக்கமும் இருந்து காற்று ஓடி வரும். பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல் வளைந்து வளைந்து சுற்றும்.

மேலே போன நீராவி குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தைக் கக்குகிறது. அந்த வெப்பம்தான் புயலுக்குத் தீனி. காற்று மணிக்கு 62 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டால் புயல் என்று அறிவித்து, பெயரும் வைத்து விடுவார்கள். இதே ஆசாமிக்குத்தான் அமெரிக்கா பக்கம் ‘ஹரிக்கேன்’, ஜப்பான் பக்கம் ‘டைபூன்’ என்று பெயர். தரை ஏறியதும் தீனி கிடைக்காமல் அடங்கி விடும்.

பொல்லாத கண்

பலத்த புயலின் நடுவே இருப்பது ‘கண்’. அது தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்று விடும். “அப்பாடா, போயிருச்சு” என்று ஸ்கூட்டரைப் பார்க்கவும் மாடியை எட்டிப் பார்க்கவும் வெளியே வருவார்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையில் இருந்து காற்று பேய் மாதிரி அடிக்கும். உயிருக்கே ஆபத்து. ‘முழுமையாகக் கடந்து விட்டது’ என்று வானிலை மையம் சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

“நமக்கு இல்லை” என்று அலட்சியமும் கூடாது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில். வெள்ளத்தில் தத்தளித்தது சென்னை!

வீட்டில் என்ன செய்யலாம்?

* குடிதண்ணீரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். மாத்திரை, பால் பவுடர், டார்ச் லைட், மெழுகுவர்த்தி, கொஞ்சம் ரொக்கப் பணம் கைவசம் இருக்கட்டும்.

* ரேஷன் கார்டு, ஆதார், பத்திரங்களை பிளாஸ்டிக் பையில் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள்.

* மொட்டை மாடியில் கிடக்கும் தகரம், பூந்தொட்டிகளை அப்புறப்படுத்துங்கள். காற்றில் பறக்கும் தகரம் கத்தி மாதிரி.

* தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்து விடுங்கள். அறுந்து கிடக்கும் வயர் பக்கம் போகவே வேண்டாம்.

* கடலோரக் குப்பங்களில் அதிகாரிகள் “கிளம்புங்க” என்றால் உடனே கிளம்பி விடுங்கள். 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போனது. வந்து கொண்டிருந்த ரெயிலும் தப்பவில்லை.

அவசரத்துக்கு மாநகராட்சி எண் 1913. மாநில கட்டுப்பாட்டு அறை 1070. இப்போதே சுவரில் எழுதி வையுங்கள். கரண்டு போன பிறகு தேட முடியாது.