முழங்காலைத் திருகாதீர்கள்!

மனிதனின் காலில் 3 பெரிய மூட்டுகள் உள்ளன. இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து இருப்பது போன்றது. அதனால் தொடை எல்லாப் பக்கமும் அசையும். கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது.

நடுவில் இருப்பது முழங்கால். இது கதவுக் கீல் மாதிரி! மடங்கும், நீளும். மடங்கியிருக்கும்போது மட்டும் சிறிது திரும்பும்.

முழங்காலுக்குள் பிறை வடிவில் 2 குருத்தெலும்புகள் மெத்தை போல் இருக்கின்றன. பாதத்தை ஊன்றியபடியே, முழங்காலை மடக்கி உடம்பை வெடுக்கென்று திருப்பினால் அவை கிழிந்துவிடலாம். கபடி, கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இப்படி நேருவது உண்டு. கிழிந்த துண்டு மூட்டில் சிக்கினால் காலை நீட்ட முடியாது!

குருத்தெலும்பின் உள் ஓரத்தில் ரத்த ஓட்டம் இல்லை. அங்கே கிழிந்தால் தானாக ஆறுவது அரிது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் திரும்பும்போதும் கவனம் தேவை. உடம்பு திரும்பும் பக்கம் பாதத்தையும் எடுத்து வையுங்கள்!