மாமல்லபுரத்தில் யார் கையில் பணம் கொடுக்கிறீர்கள்?

மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிடும். "அக்கா, பாசிமணி வாங்கிக்கங்க", "சார், கைடு வேணுமா?", "ஆட்டோல எல்லா இடமும் சுத்திக் காட்டுறேன், வாங்க." இவர்களில் பலர் அன்றாடப் பிழைப்புக்காக நிற்பவர்கள். பின்னாலேயே வந்து கேட்பது தொல்லைதான். ஆனால் அது மோசடி அல்ல. ஒருமுறை "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். சும்மா விலை கேட்டாலே பேரம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

உஷாராக இருக்க வேண்டிய இடம் டிக்கெட். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட்தான், அன்றைக்கு மட்டும் செல்லும். இந்தியர்களுக்கு 40 ரூபாய்; ஆன்லைனில் எடுத்தால் 35. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. "அங்க தனி டிக்கெட் சார், நானே எடுத்துத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீங்க. தொல்லியல் துறை கவுன்டரில் உள்ள கியூஆர் கோடை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். பின் நம்பர் போடும் முன், திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். "பணத்தைத் திருப்பி அனுப்புறேன், பின் போடுங்க" என்றால் அது ஏமாற்றுதான். பணம் நம் கணக்குக்கு வர பின் தேவையே இல்லை.

கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டையைக் கேளுங்கள். கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். ஆட்டோவுக்கும் இதேதான்: தலைக்கு எவ்வளவா, வண்டிக்கு எவ்வளவா என்று தெளிவாகக் கேட்காமல் ஏறாதீங்க.

இங்குள்ள கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி அச்சில் வார்த்த பொம்மையையும் விற்க முடியும். ஒரே சிலை பத்து, இம்மி பிசகாமல் ஒன்று போல இருந்தால் உளி வேலை இல்லை என்று சந்தேகப்படலாம். விலை நிலவரம் தெரிய முதலில் பூம்புகார் விற்பனை நிலையத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

மிரட்டினாலோ வழிமறித்தாலோ 112. யுபிஐ-யில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930. பில், விலை பற்றிய புகாருக்கு 1915. இதில் தமிழிலும் பேசலாம். மத்திய சுற்றுலா உதவி எண் 1363-இல் இந்தி, ஆங்கிலம், பத்து வெளிநாட்டு மொழிகள் உண்டு. உங்களோடு வரும் வெளிநாட்டு விருந்தினரின் போனில் அதைப் பதிந்து கொடுங்கள்.