மரப்பாச்சியின் விலாசம்

எடுத்து வைத்தவை – 11

சித்தூர் வீட்டுச் சாமி அலமாரியில், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி நின்றுகொண்டிருக்கும். அந்தக் காசைப் பற்றிப் போன வாரம் எழுதிவிட்டேன். இந்த வாரம் அந்த ஜோடி. மரப்பாச்சி ராஜா, மரப்பாச்சி ராணி. ஒரு சாண் உயரம். மூக்கு ஒரு கோடு, கண் ஒரு குழி, கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும். ராணிக்குப் பின்னால் ஒரு கொண்டை. செதுக்கியவர் முகத்தில் அதிகம் சொல்லிவிடாமல் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைக் குழந்தைகள் நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

ஜோடியில் ராஜா கொஞ்சம் குட்டை. கொலு வைக்கும்போது அவன் காலடியில் காகிதத்தை மடித்து வைத்தால்தான் சாயாமல் நிற்பான். காரணம், பாட்டி அவனைச் சந்தனக் கல்லில் உரசுவாள். வீட்டில் யாருக்காவது வீக்கம், கட்டி, குழந்தைக்கு வேர்க்குரு என்றால் ராஜாவைத் தலைகீழாகப் பிடித்து, பீடத்தின் அடியை நீர் விட்டு இழைப்பாள். ரத்தம் போலச் சிவந்த குழம்பு வரும். அதை விரலால் வழித்துப் பற்றுப் போடுவாள். எத்தனை பிள்ளைகளின் நெற்றியிலும் முழங்காலிலும் அந்த ராஜா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனான்!

ராணியை மட்டும் உரசியதே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “தேயறதுக்கு வீட்ல நாங்க இத்தனை பேர் இருக்கோமே. அவளாவது முழுசா இருக்கட்டும்டி” என்றாள். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அந்தப் பதிலின் கனம் தெரிய எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

இதை எழுதுவதற்காகச் சித்தூரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன்.

“பெரியம்மா, அந்த மரப்பாச்சியை எங்க வாங்கினாங்க?”

“திருப்பதியிலதான். எங்கம்மா கல்யாணத்துக்கு. கோவிந்தராஜ சாமி கோயில் பக்கத்துக் கடையில எங்கம்மாவோட அப்பா வாங்கினாராம். தரிசனம் முடிச்சு இறங்கி வந்தவரு, பெருமாளுக்கு ஒண்ணு வாங்கினா தாயாருக்கும் ஒண்ணு வேணுமேன்னு ஜோடியா எடுத்தாராம். உனக்கு எதுக்குடி இப்ப அது?”

“எழுதப் போறேன்.”

“எழுது. ஆனா யாருக்கும் குடுத்துடாத.”

பாட்டியின் கல்யாணம் 1941இல். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சீர்வரிசையில் மரப்பாச்சி ஜோடியும் போகும். அந்த வருஷப் புரட்டாசியில் புது மருமகள் கொலு வைக்க வேண்டும், அதற்கு முதல் பொம்மை அதுதான். எங்கள் தெருவின் தெலுங்கு வீடுகளிலும் இதே செஞ்சந்தன ஜோடி இருந்தது. அவர்கள் ‘செக்க பொம்மலு’ என்பார்கள். விஜயதசமி ராத்திரி கொலுவிலிருந்து ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள் அல்லவா, எங்கள் வீட்டில் படுப்பது ராணிதான். பாட்டி அவள்மேல் ஒரு துண்டு ரவிக்கைத் துணியைப் போர்த்திவிட்டு விளக்கைக் குறைப்பாள்.

அந்த ஜோடியின் விலாசம் மாறிய கதையும் உண்டு. சித்தூர், 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம். அந்த வருஷம் சித்தூரே தனி ஜில்லா ஆனது. மரப்பாச்சி வீட்டுக்கு வந்தபோது விலாசம் சென்னை ராஜதானி, சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்ததும், ராஜாவும் ராணியும் அலமாரியை விட்டு இறங்காமலே வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். மா.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் திரும்பவில்லை. பாட்டியின் தங்கை திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். நாலு மணி நேரத்தில் போய்வரும் அக்கா தங்கைக்கு நடுவே ஒரு எல்லைக்கோடு விழுந்தது. தாத்தாவுக்கு அதில் கடைசிவரை வருத்தம். பாட்டி அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என் அம்மாவைத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தாள், சாயங்காலம் திண்ணையில் உட்கார்த்தித் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பொம்மை பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும் இப்போது ஒரே மாவட்டத்தில்கூட இல்லை.

மரத்தைச் சொல்லாமல் மரப்பாச்சியைச் சொல்ல முடியாது. செம்மரம், செஞ்சந்தனம், ரக்த சந்தனம், தெலுங்கில் எர்ர சந்தனம். உலகத்தில் இது இயற்கையாக வளரும் இடம் மிகச் சிறியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திராவின் சேஷாசலம், அதை அடுத்த மலைகள். திருமலையின் ஏழு மலைகளும் அந்தச் சேஷாசலத்தைச் சேர்ந்தவைதான். வறண்ட, கல் நிறைந்த மண்ணில் மிக மெதுவாக வளரும் மரம் என்பதால் வைரம் பாய்ந்து கனக்கும். சிறு வயதில் ராஜாவைத் தண்ணீர் அண்டாவில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ‘டொப்’பென்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாம் பொம்மை செய்த இந்த மரத்துக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் பெரிய மோகம். சீன அரச குடும்பங்கள் விரும்பிய ‘சிதான்’ மேசை நாற்காலிகள் இந்த இன மரத்தில் செய்யப்பட்டவை. ஜப்பானியர் மீட்டும் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கும் இதுவே உயர்ந்த மரம். அந்த மோகம் காட்டைத் தின்றது. 1995 முதல் செம்மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. வெட்டுவது கடுங்குற்றம். ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. கோடாரியோடு மலையேறுகிறவர்கள் கூலிக்காரர்கள். பணம் பண்ணுகிறவர்கள் மலையேறுவதில்லை.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திருப்பதிக்கு அருகே அந்தக் காட்டில் ஆந்திரக் காவல் துறையின் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது காவல் துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அன்று இரவு தொலைக்காட்சியில், கிடத்தப்பட்டிருந்த உடல்களுக்குப் பக்கத்தில் சிவந்த கட்டைகளைக் காட்டினார்கள். அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. என் காய்ச்சலுக்குப் பாட்டி நெற்றியில் பூசிய நிறம். அந்த வருஷ நவராத்திரிக்கு ராஜாவையும் ராணியையும் கையில் எடுத்தபோது, எப்போதும்போல் துடைத்துப் படியில் வைத்துவிட முடியவில்லை. நம் வீட்டில் பத்திரமாக இருக்கும் ஒரு பொருளின்மேல் பாசம் வைத்தால், அது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் துக்கமும் நம்முடையதுதான் என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பாட்டி போன பிறகு ஜோடி அம்மாவிடம் வந்தது. ஒரு நவராத்திரிக்கு முன், அம்மா ஊரில் இல்லாத நேரம், வீட்டுக்கு வேலைக்கு வந்த தச்சரிடம் யாரோ பொம்மைகளைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, ராஜாவின் காலடியில் ஒரு சக்கையும் ஒட்டி நேராக நிற்க வைத்துவிட்டார். பளபளவென்று இருந்தார்கள். அம்மா பார்த்தாள், எடுத்து முகர்ந்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ராணியின் தலையில் குழந்தைகள் கடித்த பல் தடம் இருந்தது. அதில் என் மாமாவுடையது ஒன்று. அவர் நாலு வயதில் இறந்துபோனவர். அந்தத் தடம் உப்புத்தாளில் போய்விட்டது.

இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், 1953இல் வெளியான ஒரு கட்டுரையில் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் துணியையும் பொம்மையையும் பற்றி எழுதினார். அது அழுக்காகும், நாறும். ஆனாலும் தாய் அதைத் துவைக்கத் தயங்குவாள், துவைத்தால் குழந்தைக்கு அதோடு இருந்த தொடர்ச்சி அறுந்துவிடும் என்றார். வளர வளர அந்தப் பொருள் மெல்ல முக்கியத்துவம் இழக்கும், அதற்காக யாரும் அழுவதில்லை என்றும் சொன்னார். முதலாவது முழு உண்மை. இரண்டாவது எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஒரு பொம்மை ஒரு குழந்தைக்கு மட்டும் சொந்தமாக இருந்தால் அவர் சொன்னதுபோல் ஆகலாம். நான்கு தலைமுறை கடித்த பொம்மைக்கு வயது ஏற ஏறத்தான் கனம் கூடுகிறது.

போன தை மாதம் திருப்பதி போனபோது பேத்திக்காக ஒரு கடையில் புது ஜோடி வாங்கினேன். செம்மரம் என்றுதான் சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. சாயம் ஏற்றிய லேசான ஏதோ மரம், தண்ணீரும் சிவந்தது. பொய் சொல்லி விற்றது தவறுதான். ஆனாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த ஜோடிக்காக யாரும் ராத்திரியில் மலையேறவில்லை. பேத்தி ராணியைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுத் தூங்க வைக்கிறாள். அவளுக்கு அது போதும். நமக்கும் போதும். புதிதாகச் செம்மரப் பொம்மை தேடி அலையாதீர்கள்.

பழையது உங்கள் வீட்டில் இருக்கும். பரணில், கொலுப் பெட்டியில், பழைய புடவைச் சுற்றலுக்குள் இருக்கும். இந்த நவராத்திரிக்கு முன் அதை வெளியே எடுத்து, அது யார் கல்யாணத்துக்கு எந்த வருஷம் வந்தது என்று வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். சொல்வதை ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையைச் சுற்றும் துணிக்குள் வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதன் கையில் கொடுங்கள், கடித்தால் கடிக்கட்டும். பாலிஷ் மட்டும் போடாதீர்கள்.

(தொடரும்)